தலை எந்தப் பக்கம்

விலங்கியல் டீச்சராக அத்தனை வருஷம் வேலை பார்த்தும் ஒரு தவளையைக்கூட மனசார அறுத்தவள் இல்லை நான். நாங்கள் இந்த வட்டாரத்துச் சமணக் குடும்பம். கிழங்கு சமைக்க மாட்டோம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம், துணியில் வடிகட்டாத தண்ணீரைக் குடிக்க மாட்டோம். அந்த வீட்டுப் பெண் விலங்கியல் படிக்கப் போகிறாள் என்றதும் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "பாவம் பண்றதுக்குக்கூடவா பட்டம் குடுக்கறாங்க?" என்று அத்தை கேட்டாள். கல்லூரியில் எனக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். நான் என்ன செய்ய?

படிக்கும்போதே தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். புதைபடிவங்கள். ஐம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடியில் செத்துப்போனவை. அவற்றைப் பற்றி எவ்வளவு பேசினாலும் கையில் பாவம் ஒட்டாது. அதிலும் எலும்பும் ஓடும் இல்லாத மெல்லுடல் பிராணிகள் என்றால் எனக்கு உயிர். எலும்பு கல்லாகும், சரி. புழு எப்படிக் கல்லாகும்? சேறு ஒரே சரிவாகச் சரிந்து மூடி, அழுகி முடிப்பதற்குள் காற்றில்லாமல் அடைபட்டுவிட்டால், எப்போதாவது ஒன்று பாலேடு போலக் கல்லில் படலமாகத் தங்கும். அந்தக் கறையைப் பார்த்துத்தான் இது தலை, இது வால், இது கால் என்று சொல்லியாக வேண்டும். பெரிய பெரிய மேதைகள் எல்லாம் அதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் உண்டு.

அப்படி அவர்களை வழுக்கவைத்த ஒன்றுதான் ஹாலுசிஜீனியா. விரல் நீளம்கூட வராத ஒரு புழு. சித்தப்பிரமை பிடித்தவன் கண்ணுக்குத் தெரிவது மாதிரி இருக்கிறது என்பதால் அந்தப் பெயர். நான் கல்லூரியில் படித்த புத்தகத்தில் அது முட்களை ஊன்றிக்கொண்டு, முதுகில் ஒரு வரிசைக் குழாய்களை ஆட்டியபடி நடந்தது. நான் வேலைக்கு வந்த பிறகு அதை அப்படியே குப்புறப் புரட்டினார்கள். கல்லைச் சுரண்டிப் பார்த்தபோது இன்னொரு வரிசைக் குழாய்கள் அகப்பட்டனவாம். குழாய்கள்தான் கால்கள், முட்கள் முதுகில். "இத்தனை நாளாக அது கால் மேலே இருக்கப் படுத்துக் கிடந்திருக்கிறது, பாவம்" என்று வகுப்பில் சொல்வேன். பெண்கள் சிரிப்பார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் சிரிப்பு கொஞ்சம் கம்மியாக இருக்கும். அடி அண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் முந்தின நாள் கிரிவலக் கூட்டத்துக்குக் கடை போட்ட அசதியில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள்.

எங்கள் ஆய்வகத்தின் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், நாங்களோ ஃபார்மலின் வாசனை போவதற்காகத்தான் அந்த ஜன்னலைத் திறப்போம்.

திறப்பது அட்டெண்டரம்மா. பள்ளிக்கூடமே அவளை அப்படித்தான் கூப்பிடும். என்னைவிட இரண்டு வயசு இளையவள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எட்டு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். செய்முறை வகுப்புக்கு வேண்டிய கரப்பான் பூச்சிகளை அவள்தான் பிடித்து வருவாள், மருந்து வைத்துக் கொல்வதும் அவள்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். "நீங்க அந்தப் பக்கம் பாருங்க டீச்சர். பாவத்த நான் வாங்கிக்கறேன். எங்கிட்ட ஏற்கனவே ஜாஸ்தியா இருக்குது, இதுவும் கிடக்கட்டும்" என்பாள். நானும் வெட்கமில்லாமல் பாவத்தைக் கொடுத்துவிட்டு மதிப்பெண் போடுவேன்.

மதியம் நீள மேஜையின் இந்த முனையில் என் ஸ்டூல், அந்த முனையில் அவள் ஸ்டூல். அவள் டப்பாவில் வாரத்துக்கு மூன்று நாள் கருவாட்டுக் குழம்பு. மேஜையின் நீளம் வாசனைக்குப் போதாது, இருந்தாலும் நான் ஒன்றும் சொன்னதில்லை. ஏரி வற்றும்போது மீன் பிடிப்பது, உப்புப் போடுவது, சாக்குக்கு நடுவே வைத்துக் கல் ஏற்றுவது, காக்காயோடு சண்டை போடுவது என்று அவள் சொல்லச் சொல்ல, ஜென்மத்தில் மீனைத் தொடாத நான் கருவாடு போடுவதில் பாதி நிபுணியாகிவிட்டேன். என் வேலைக் காலத்தில் எனக்குப் பிடித்த நேரம் எது என்று கேட்டால், அந்த அரைமணி நேரங்களைத்தான் சொல்வேன். இன்றைக்கும் மதியம் தனியாகத் தட்டெடுத்து உட்காரும்போது மேஜையின் மறுமுனையைக் கண் தேடுகிறது.

அறையின் மூலையில் மணல் பரப்பி ஒரு மண்பானை வைத்திருந்தேன். வெள்ளைத்துணி கட்டி வடிகட்டித்தான் தண்ணீர் நிரப்புவோம். மூடிமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர், இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். ஒருநாள் அதில் மொண்டு அண்ணாந்து குடித்தபோது தண்ணீரில் கருவாட்டு வாசனை அடித்தது. குமட்டியது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் தீபம். தேரடி வீதிப் பாத்திரக் கடையில் நல்ல கனமான டம்ளர் ஒன்று வாங்கி, அவள் பேரின் முதல் எழுத்தை வெட்டச் சொல்லி, பூவும் பழமும் வைத்து அவளுக்குக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா கனமா இருக்குதுங்க டீச்சர்" என்றாள். அவளுக்குப் பரிசும் ஆயிற்று, என் வாசனைப் பிரச்சினையும் தீர்ந்தது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நான் பூரித்துப் போனேன்.

அடுத்த வருஷம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. எல்லாரும் எரிமலையும் இதயமும் செய்யும்போது நான் ஹாலுசிஜீனியா செய்வது என்று முடிவெடுத்தேன். மூன்று முழ நீளத்துக்கு. காகிதக்கூழில் வெந்தயம் அரைத்துப் போட்டுப் பிசைந்து உடம்பைச் செய்தது அட்டெண்டரம்மா. முள்ளுக்கு விளக்குமாற்றுக் குச்சி, காலுக்குப் பழைய ஒயர். ஒரு வாரம் மாணவிகளும் நாங்களுமாக அறை முழுக்கக் கூழும் சிரிப்புமாக இருந்தது. கடைசியில் தலை. புத்தகத்தில் இருந்த புதைபடிவத்தின் படத்தில் உடம்பின் ஒரு முனையில் பெரிய உருண்டையாக ஒரு கறுப்பு. அதுதான் தலை என்று போட்டிருந்தது. மறுமுனை ஒல்லியாக வளைந்திருந்தது, அது வால்.

அவள் அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"டீச்சர், இது தல மாதிரி தெரியலீங்க."

"வேற என்ன?"

"கறைங்க. கருவாட்டுமேல கல்லு வெச்சா வயித்துல இருக்கறதெல்லாம் ஒரு பக்கமா பிதுங்கி வந்துடும். சாக்குல மீன விடப் பெரிசா கறை நிக்கும். இது அந்தக் கணக்காதான் கீது. தல அந்த ஒல்லிப் பக்கமா இருக்கும்."

மாணவிகள் என்னைப் பார்த்தார்கள். மறுநாள் கண்காட்சி. புத்தகத்தில் அச்சாகியிருப்பது ஒன்று, இவள் சொல்வது ஒன்று. எனக்குச் சுர்ரென்று வந்தது.

"கருவாட்டுக்காரி கிட்டதான் நான் விலங்கியல் கத்துக்கணுமா? சொன்னதைச் செய்."

பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் ஜோக் சொன்னால் சிரித்து வைப்பது மாணவிகளின் கடமை அல்லவா. அவளும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. பேசாமல் கூழை உருட்டி, நான் காட்டிய முனையில் தலையை ஒட்டினாள். எங்களுக்கு முதல் பரிசு. போட்டோவில் நான் தலைப்பக்கம் நிற்கிறேன். அவள் போட்டோவில் இல்லை.

அதற்குப் பிறகு அவள் மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள் என்பது என் ஞாபகம். கேட்டால், "காத்து வருதுங்க" என்பாள். அந்த வருஷக் கடைசியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகிற அன்று பானையைக் கழுவி, புது மணல் பரப்பி, நிரப்பி வைத்துவிட்டுப் போனாள். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவளைத் துரத்தியது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் நான் சொன்னது விஷயத்தளவில் சரிதானே, தலை தலைதானே என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். சொன்ன விதம்தான் தப்பு, சொன்னது தப்பில்லை. இந்த மாதிரிச் சமாதானத்தை வைத்து ஒருத்தி எத்தனையோ வருஷம் ஓட்டலாம்.

ஓய்வு பெற்றபோது அந்தப் பொம்மையைத் தூக்கி எறிய மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பீரோ மேல் கிடந்தது. ஒருநாள் காலை, செல்போனில் எதையோ தேடப்போய் ஹாலுசிஜீனியா எதிர்ப்பட்டது. பழைய தோழியைக் கடைத்தெருவில் பார்த்த மாதிரி ஆசையாக உட்கார்ந்து படித்தேன். நான் வேலையில் இருந்த காலத்திலேயே வந்துவிட்ட சேதிதான், என் கண்ணில் படவில்லை. நுண்ணோக்கியில் வைத்து மறுபடி ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த உருண்டை தலையே இல்லையாம். செத்த பிராணி நசுங்கும்போது குடலிலிருந்து பிதுங்கி வெளியே வந்து கல்லில் படிந்த அழுகல் கறையாம். தலை மறுமுனையில், அந்த ஒல்லிப் பக்கத்தில். அங்கே ஊசிமுனை அளவில் இரண்டு கண்கள், கண்ணுக்குக் கீழே சிரிக்கிற மாதிரி ஒரு வாய்.

காபி ஆறிப் போயிற்று. பீரோ மேலிருந்து பொம்மையை இறக்கித் தூசி தட்டினேன். வாயில்லாத அந்தப் பெரிய மண்டையைப் பார்க்கப் பார்க்க என் மண்டையைப் பார்ப்பது போலவே இருந்தது. என் சமாதானம் போய்விட்டது. அவள் சரி. நான்தான் தப்பு. அதுவும் அத்தனை பேர் முன்னால். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

பௌர்ணமி போகட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். அன்றைக்கெல்லாம் பஸ்ஸில் ஒரு கைப்பைகூட ஏற இடமிருக்காது. மூன்றாம் நாள் பொம்மையைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் "இன்னாம்மா அது, வீணையா?" என்று கேட்டார். "தப்பான தலை" என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்து, முட்டிவலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த காயோடு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"டீச்சர்! இன்னா டீச்சர், சொல்லாம கொள்ளாம?"

முறத்தோடு உள்ளே வந்து எனக்கு நாற்காலி போட்டாள். "கலர் வாங்கியாரச் சொல்லட்டுமா? இல்ல, தண்ணி பாட்டிலு?" என்று கேட்டாள். வேண்டாம், என்னிடம் தண்ணீர் இருக்கிறது என்று பையிலிருந்த பாட்டிலைக் காட்டினேன். "அதான, நீங்க கொண்டாந்திருப்பீங்க" என்றாள்.

பொம்மையைப் பிரித்ததும் அவள் சிரித்த சிரிப்பில் கடலைத் தோல் பறந்தது. "அட, இத இன்னுமா வெச்சிருக்கீங்க?" நான் எல்லாவற்றையும் சொன்னேன். கறை, குடல், மறுமுனைக் கண்கள், சிரிக்கிற வாய். நீ சொன்னதை உலகமே இப்போது சொல்கிறது என்றேன். அன்றைக்குப் பிள்ளைகள் முன்னால் உன்னைக் கருவாட்டுக்காரி என்று சொன்னேனே, அதற்கு மன்னித்துக்கொள் என்றேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம்தான்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அப்டி சொன்னீங்களா? ஞாபகமே இல்லீங்க. கருவாட்டுக்காரின்னா இன்னா தப்பு? எங்க அம்மா சந்தையில கருவாடுதான் வித்துச்சு."

"அதுக்கப்புறம்தானே நீ என்னோட சாப்பிடறத நிறுத்தின?"

"இல்லீங்க." கையிலிருந்த காயை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டாள். "அது அதுக்கு முந்தின வருஷம். தீபத்துக்கு டம்ளர் குடுத்தீங்க இல்ல? அதுக்கு மறுநாள்லருந்து."

எனக்குப் புரியவில்லை. புரியாத முகம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க ஊர் டீக்கடையில எங்க அப்பாவுக்குன்னு தனி டம்ளர் வெச்சிருந்தாங்க டீச்சர். கூரையில சொருகி இருக்கும். அவரே எடுத்து, குடிச்சிட்டு, அவரே கழுவி, திரும்ப சொருகணும். அதுல பேர் வெட்டல. நீங்க நல்ல டம்ளரா வாங்கி, பேர் வெட்டிக் குடுத்தீங்க."

"ஐயோ, நான் அப்படி நினைக்கலை. டம்ளர்ல கருவாட்டு வாசனை வந்துச்சு, அதனால..."

"உங்க டம்ளர்ல பேர் வெட்டலையே டீச்சர்" என்றாள், கோபமில்லாமல்.

என் டம்ளரில் பேர் இல்லை. எட்டு வருஷம் அந்தப் பானை மூடிமேல் தினமும் பார்த்த டம்ளர், என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஒரு வார்த்தையைத் தலை என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வருந்தியிருக்கிறேன். அவளுக்கு வலித்தது மறுமுனையில். நான் பூவும் பழமும் வைத்துக் கொடுத்த முனையில். வாசனைதான் காரணம் என்று இப்போதும் சத்தியம் செய்வேன். ஆனால் அவள் கை பட்ட தண்ணீருக்கு வேறொரு டம்ளரைத் தேடிப் போன என் புத்தியில் வாசனை மட்டும்தான் இருந்ததா என்று கேட்டால், சத்தியம் செய்ய வாய் வரவில்லை.

"வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க, தெரியும்" என்று அவளே சொன்னாள். "தெரியும்தான். ஆனா உக்காந்து சாப்பிட முடியல."

அவள் பேச்சை மாற்ற, பொம்மையின் தலையைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. "வெந்தயம் போட்டு நானே ஒட்டினது, சுலுவுல வராது. கிடக்கட்டும், வாலுன்னு சொல்லிக்கலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அந்த டம்ளர் இருக்கா?"

"இருக்குது. அரிசி டிரம்முக்குள்ள. அளக்கறதுக்கு வெச்சிருக்கேன். கனமா நல்லாத்தான கீது."

"அதுல எனக்குத் தண்ணி குடு. குடுங்க" என்றேன். எட்டு வருஷத்தில் அவளை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை என்பது சொல்லும்போதுதான் உறைத்தது.

"பாட்டில் கொண்டாந்திருக்கீங்களே?"

"அது வேண்டாம்."

அவள் மெதுவாக எழுந்து உள்ளே போனாள். டிரம் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. டம்ளரை அலசி, குடத்திலிருந்து மொண்டு கொண்டுவந்தாள். வடிகட்டாத தண்ணீர். அவள் பேரின் முதல் எழுத்து தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது. எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. நான் வாய் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"எச்சில் பண்ணிட்டீங்க" என்றாள்.

"ஆமா."

"அப்ப நீங்களே கழுவி வெச்சுடுங்க டீச்சர். உங்க டம்ளர எட்டு வருஷம் நான் கழுவியாச்சு."

அவள் சிரிக்கவில்லை. நான் வாசல் குழாயடிக்குப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அவள் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அடுப்பு மேடைக்கு மேல் பலகையில் அவள் வீட்டு டம்ளர்கள் ஐந்தாறு கவிழ்ந்திருந்தன. டிரம்மின் மூடியைத் திறக்கப் போனேன்.

"அதுல வேணாம்" என்றாள். "மத்ததுங்களோட வைங்க."